பதிவாகட்டும் கிராமத்துக் கபடி!

பொங்கல் விடுமுறையில் வேடசந்தூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் இரவுக் கபடிப் போட்டியைக் காணச் சென்றிருந்தேன். அறுவடை முடிந்த சோளக்காட்டை உழுது, தண்ணீர் தெளித்து, மண்ணைச் சமன் செய்து களம் அமைத்திருந்தார்கள். அருகில் நின்ற டிராக்டர் டிரெய்லரின் மீது இரண்டு இளைஞர்கள் இருந்தனர். ஒருவர் கையில் காமிரா. மற்றவர் மடியில் மடிக்கணினி. மற்ற நாள்களில் கல்யாண வீடியோ எடுக்கும் அவர்கள், அன்று ஆட்டம் முழுவதையும் யூடியூபில் நேரலையாக அனுப்பிக் கொண்டிருந்தார்கள்.

அரையிறுதியில் தோற்கும் நிலையில் இருந்த ஓர் அணியைப் பத்தொன்பது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் தனியாளாகக் கரை சேர்த்தார். வலது மூலையில் நின்ற அவர், கடைசி சில நிமிடங்களில் மூன்று ஆட்டக்காரர்களைக் கணுக்காலைப் பிடித்தே மடக்கினார். கூட்டம் அவருடைய ஊர்ப் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து, கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நண்பர், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்கு நல்ல தடுப்பாட்டக்காரர்களைத் தேடிக் கொண்டிருப்பதாகச் சொன்னார். உடனே அந்தக் காணொலியைத் தேடினேன். 'கபடி லைவ்' என்ற தலைப்பைத் தவிர அதில் வேறு விவரம் இல்லை. ஏழு மணி நேரப் பதிவு. இடைவேளைகளில் திரைப்பாடல்கள் ஒலித்ததால் காப்புரிமைச் சிக்கலில் பாதிக்கு மேல் ஒலி நீக்கப்பட்டிருந்தது. ஒருவழியாக அந்த அரையிறுதியைக் கண்டுபிடித்தேன். இளைஞரின் பனியனில் எண் இருந்தது; நன்கொடையாளரின் கடைப் பெயர் இருந்தது. விழாக் குழுவினரைத் தேடிப் பிடித்து அவர் யாரென்று அறிவதற்குள் கல்லூரியில் சேர்க்கை முடிந்துவிட்டது.

இதே மாவட்டத்தில் இன்னொரு விளையாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016-இல் டி.என்.பி.எல். கிரிக்கெட் தொடங்கியது முதலே நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் அதன் களங்களில் ஒன்று. 2025 ஜூலையில் இறுதிப் போட்டியே அங்குதான் நடந்தது. அதில் திண்டுக்கல் டிராகன்ஸை வென்று திருப்பூர் தமிழன்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. அங்கே வீசப்படும் ஒவ்வொரு பந்துக்கும் வீசியவர் பெயர், எதிர்கொண்டவர் பெயர், எடுத்த ரன் எல்லாம் திரையில் வருகின்றன.

அந்தப் பதிவின் பயனுக்குச் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் சான்று. 2016-இல் திண்டுக்கல் அணிக்காக அவர் வீசிய யார்க்கர்கள் தொலைக்காட்சியில் பலர் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை ரூ.3 கோடிக்கு எடுத்தது. திறமை அவருடையது; அது உரியவர்களின் பார்வைக்குப் போய்ச் சேர ஒளிபரப்பு உதவியது.

நடுவரின் தீர்ப்புக்கும் இது பொருந்தும். 2023-இல் டி.என்.பி.எல்.லில் மறுஆய்வு முறை அறிமுகமான புதிதில், மூன்றாவது நடுவர் மாற்றிச் சொன்ன தீர்ப்பையே மீண்டும் ஆய்வு செய்யக் கோரினார் திண்டுக்கல் அணித் தலைவர் அஸ்வின். நாடே அதை ரசித்து விவாதித்தது. நம் கிராமக் களங்களில் அப்படியொரு சர்ச்சை எழுந்தால், அணி வெளிநடப்புச் செய்யும். சில வேளைகளில் கைகலப்பாகவும் மாறும். டிரெய்லர் மீதிருக்கும் காமிராவில் சான்று இருந்தும், அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அங்கு இல்லை.

கிரிக்கெட்டுக்குக் கிடைப்பது கபடிக்குக் கிடைக்கவில்லை என்ற பழைய புலம்பலை நான் மீண்டும் பாட வரவில்லை. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில், முப்பது விநாடி ரைடு, தொடர்ந்து இரண்டு முறை புள்ளியின்றித் திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்ற விதி போன்றவற்றால் ஆட்டம் தொலைக்காட்சிக்கு ஏற்ற விறுவிறுப்பைப் பெற்றது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்தது. ஆனால் அந்த வெளிச்சம் உச்சியில் இருக்கும் சில நூறு பேருக்கானது. ஆட்டக்காரர்கள் உருவாகும் இடம் ஊர்த் திருவிழாக் களம்தான். அங்கு நடப்பதைப் படம்பிடிக்கப் பெரிய தொலைக்காட்சி நிறுவனம் வராது; வரவும் வேண்டியதில்லை.

தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஒரு விளையாட்டு, காணொலியாலேயே வளர முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அங்கே 'டிஸ்க் கோல்ஃப்' என்றொரு விளையாட்டு ஆடப்படுகிறது. பந்துக்குப் பதில் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழச் செய்ய வேண்டும். 'ஜோமெஸ்புரோ' போன்ற சிறு குழுவினர் முன்னணி ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து படம்பிடித்து, இரவோடு இரவாகத் தொகுத்து, மறுநாளே யூடியூபில் வெளியிடும் வழக்கத்தை உருவாக்கினார்கள். வர்ணனை செய்பவர்களில் பலரும் அந்த விளையாட்டை ஆடுபவர்கள். யார் எறிகிறார், எவ்வளவு தொலைவு, எத்தனையாவது எறிதல் என்பதெல்லாம் திரையில் தெரியும். 2021-இல் யூட்டா மாநிலம் ஆக்டனில் நடந்த உலகப் போட்டியின் கடைசிக் கூடையில், 247 அடி தொலைவிலிருந்து ஜேம்ஸ் கான்ராட் எறிந்த தட்டு நேராகக் கூடைக்குள் விழுந்தது. பட்டத்தை நெருங்கியிருந்த பால் மெக்பெத்தைச் சமன் செய்த அவர், கூடுதல் ஆட்டத்தில் வென்றார். அந்த விளையாட்டின் பெயரையே கேள்விப்படாதவர்களும் அந்தக் காட்சியைப் பகிர்ந்தார்கள்.

அந்தக் குழுவினரிடம் இருந்த காமிரா நம் ஊர் இளைஞர்களிடமும் இருக்கிறது. ஆட்டத்தைத் தெரிந்தவர் வர்ணனை செய்வது, ஆடுபவரின் பெயரைச் சொல்வது, பிறகு தேடினால் கிடைக்கும்படி வைப்பது ஆகிய மூன்றும்தான் இங்கு இல்லை.

கபடி மீது தமிழர்களுக்கு ஆர்வம் குறைவு என்று சொல்லிவிட முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த சுசீந்திரன் 2009-இல் இயக்கிய 'வெண்ணிலா கபடி குழு'வைக் கொண்டாடினோம். மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவி 2025-இல் வந்த 'பைசன்' படத்தையும் கொண்டாடினோம். அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இடம்பெற்ற இந்திய அணிகள் தங்கம் வென்றபோது மகிழ்ந்தோம். ஆனால் பதக்கம் வரும்வரை நம்மில் எத்தனை பேர் அவ்விருவரின் பெயரைக் கேட்டிருந்தோம்?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் மறக்க முடியவில்லை. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே நடந்த போட்டியில், ரைடு சென்ற இளைஞர் ஒருவர் பிடிபட்டு விழுந்த இடத்திலேயே உயிரிழந்தார். அந்தக் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தமிழகம் முழுவதும் பரவியது. அவர் வென்று வந்த ரைடுகளை நாம் பார்த்ததில்லை. இறந்ததை மட்டும் பார்த்தோம். கிராமத்துக் கபடிக் காணொலி ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு ஓர் உயிரிழப்பு காரணமாக அமைந்தது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

என்ன செய்யலாம்? அன்றிரவு டிரெய்லர் மீதிருந்த இளைஞரிடம், ஆட்டக்காரர்களின் பெயரை ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். 'பெயரெல்லாம் கமிட்டி நோட்டில் இருக்கிறது சார், எங்களிடம் யாரும் தருவதில்லை' என்றார். அந்த நோட்டு, காமிராவிலிருந்து பத்தடி தொலைவில் புள்ளி குறிப்பவரின் மேசை மீது கிடந்தது. கிராமத்துக் கபடியின் வரலாறு கடக்க வேண்டிய தொலைவு இப்போதைக்கு அந்தப் பத்தடிதான்.

விழாக் குழுவினர் அணிகள் பதிவு செய்யும்போதே பெயர், ஊர், பனியன் எண் அடங்கிய பட்டியலின் படி ஒன்றைக் காமிராக் குழுவினரிடம் தரலாம். முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரை வர்ணனைக்கு அமர்த்தலாம். ஒவ்வோர் ஆட்டத்தையும் தனிக் காணொலியாகப் பிரித்து, தேதி, இடம், அணிகள், முடிவு ஆகியவற்றைக் கீழே எழுதி வைக்கலாம். நேரலையில் திரைப்பாடல்களைத் தவிர்த்தால் ஒலியும் மிஞ்சும். பெண்கள் ஆட்டத்தையும் அதே அக்கறையுடன் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் ஒப்புதலோடு மட்டுமே வெளியிட வேண்டும். களத்தில் ஒருவர் பலத்த காயமுற்றால் நேரலையை நிறுத்திவிடும் கட்டுப்பாடும் வேண்டும்.

அரசுக்கும் இதில் பங்குண்டு. முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்ட அளவிலான ஆட்டங்களைப் பதிவு செய்யும் பணியை இத்தகைய உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். அவர்களுக்கு வருமானம் கிடைக்கும். பயிற்சியாளர்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேடத் தகுந்த தொகுப்பு ஒன்று உருவாகும். காணொலி சான்றிதழுக்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் சான்றிதழ் பெறும் போட்டிகளுக்குப் போகவே வழி தெரியாத ஓர் இளைஞனை அடையாளம் காட்ட அதனால் முடியும்.

அந்த வலது மூலை இளைஞர் இப்போது ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமக்கிறார். அடுத்த போட்டிக்காக மாலையில் பயிற்சியும் செய்கிறார். இந்த ஆண்டு கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பாகவே அவருடைய காணொலியை உடற்கல்வி ஆசிரியரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று இருக்கிறேன். அதில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்பதற்காக, விழாக் குழுவினரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.