பக்கத்து நிலத்தில் என்ன விதைப்பார்?



ஈஜிபுராவிலிருந்து தேவனஹள்ளிப் பக்கம் குடிபோன ஒரு குடும்பத்தார் மணி என்றொரு நாய் வளர்க்கிறார்கள். அது விடியற்காலையில் வேலியோரம் உட்கார்ந்து, அடுத்த நிலத்து விவசாயியையே பார்த்துக்கொண்டிருக்குமாம். “ஐயா, இந்த வருஷம் அவர் என்ன போடுவார் என்று மணி யோசிக்குமா?” என்று அவ்வீட்டுச் சிறுமி என்னிடம் கேட்டாள்.

மணியின் மூக்கு நம்முடையதைக் காட்டிலும் பன்மடங்கு கூர்மையானது. எரு வந்திறங்கியதும், முதல் மழையில் மண் புரண்டதும் நமக்குத் தெரியுமுன் அதற்குத் தெரிந்துவிடும். அறுவடை நாளில் வயலெலி ஓடுமென்பதும் அதற்குத் தெரியும். ஆகையால் அது யோசித்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

அந்தப் பக்கத்து மானாவாரி நிலமானால் பெரும்பாலும் கேழ்வரகுதான். ஆடி மழையை நம்பி விதைத்து, மழைக்காலம் ஓய்ந்தபின் அறுப்பார்கள். சாலுக்குச் சால் இடையில் அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு என்று கலந்து போடும் வழக்கமும் உண்டு. கன்னடத்தில் அதற்கு அக்கடி சாலு என்று பெயர். மழை ஏமாற்றினாலும் ஏதாவதொன்று வீட்டுக்கு வந்துசேரும். ஏசாயா 28-ஆம் அதிகாரத்து உழவனும் நிலத்தை நிரவியபின் ஒரே விதையோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் திராட்சை, ரோஜா, காய்கறி, பட்டுப்பூச்சிக்கு முசுக்கொட்டை என்று போவார்கள். ஆள் கிடைக்காதவர்கள் தைலமரத்தை நட்டுவிட்டு நகரத்து வேலைக்கு வந்துவிட்டார்கள். 1980-களில் கோலார், பெங்களூரு கிராமப்புறங்களில் அது மளமளவென்று பரவியது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறதென்று கர்நாடக அரசு 2017-இல் புதிதாக அதை நடுவதற்குத் தடை விதித்தது.

ஆனால் என்ன விதைப்பதென்று விவசாயிக்கே தெரியாமற்போன காலமும் ஒன்று வந்தது. தேவனஹள்ளி தாலுகா சன்னராயபட்டணம் ஓபளியில், தொழிற்பூங்காவுக்கென்று 13 கிராமங்களில் 1,777 ஏக்கர் நிலத்தை எடுக்க அரசு முனைந்தது. 2022 ஏப்ரலில் விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேலாக எழுந்திருக்கவில்லை. காய்கறியானால் சில மாதங்களில் கைக்கு வரும். மாங்கன்று காய்க்க வருஷங்கள் ஆகுமே! நாளை எவர் கைக்குப் போகுமோ என்றிருக்கிற மண்ணில் எந்தத் தகப்பன் மாங்கன்று நடுவான்? 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா அந்த நிலமெடுப்பைக் கைவிடுவதாக அறிவித்தார். மனமுவந்து கொடுப்பவர்களிடம் மட்டும் வாங்குவோம் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. ஆகவே கேள்வி முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. வீட்டுக்கு வீடு இனி அது தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் நடக்கும்.

இன்னொரு நடவு உண்டு. மனைக்கற்களை நட்டுவிடுவது. அதனால் மணிக்கு ஒரு நஷ்டமுமில்லை, காலைத் தூக்க வரிசையாகக் கல் கிடைக்கும்! நமக்குத்தான் அதில் பங்கிருக்கிறது. ஈஜிபுராவும் ஒரு காலத்தில் கிராமமாக இருந்து, கோரமங்களா பெருகினபோது நகரத்துக்குள் வந்த இடமே. இங்கே வாடகை கொடுத்துச் சலித்த நம்மவர்கள் சீட்டுப் பணத்தையும் நகையையும் திரட்டிக்கொண்டு ஆனேக்கல், ஹொசகோட்டே, தேவனஹள்ளிப் பக்கம் மனை தேடுகிறார்கள். தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ மழை பொய்த்து நிலத்தை விட்டு வந்தவர்களே அவர்களில் அநேகர். சொந்த வீடு வேண்டுமென்பது தவறான ஆசையல்ல. தரகர் காட்டும் வண்ணப்படத்தை மாத்திரம் நம்பி முன்பணம் கொடுப்பதுதான் எனக்குப் பயமாயிருக்கிறது.

கர்நாடகத்தில் பஹணி என்றொரு பத்திரம் உண்டு, ஆர்.டி.சி. என்றும் சொல்வார்கள். சர்வே எண்ணைக் கொடுத்தால் ‘பூமி’ திட்டத்தின் கணினிப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் பெயர், நிலத்தின் அளவு, கடன் இருந்தால் அதன் விவரம், எந்தப் பருவத்தில் என்ன பயிர் என்பதெல்லாம் அதில் உண்டு. விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்றிய அரசு உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் முன்பணம் கொடாதிருங்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்களே, பழைய வருஷத்துப் பஹணியையும் எடுத்து அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் சமையலறை வரப்போகிற இடத்தில் பயிர்ப் பத்தியில் ராகி என்று எழுதியிருக்கக்கூடும்.