கோர்ட்டில் பிறக்குமா புது இயந்திரம்?

"கண்டுபிடித்தவனுக்குப் பாதுகாப்பு இல்லாவிட்டால் புதிதாக எதுவும் பிறக்காது. கம்பெனிகள் பேடண்ட் வழக்குப் போடுவது அதற்காகத்தான்" என்று முதலாளிகளின் வக்கீல்கள் கூப்பாடு போடுகிறார்கள். அன்றாடம் இயந்திரத்தோடு மாரடிக்கும் நாம் இந்தப் பேச்சைச் சற்று உரசிப் பார்ப்போம், தோழர்களே!

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி தென்கொரியாவின் சாம்சங் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. எதற்காக? போனின் மூலைகள் உருண்டிருப்பதும், பட்டியல் முடிந்ததும் திரை ரப்பர் போலத் துள்ளித் திரும்புவதும் அதன் சொத்தாம்! 2012ல் ஜூரிகள் விதித்த நஷ்டஈடு 100 கோடி டாலருக்கும் மேல். சுப்ரீம் கோர்ட் வரை ஏறி இறங்கி, 2018ல் நிபந்தனைகளை வெளியே சொல்லாமல் சமரசம் செய்துகொண்டார்கள். வழக்கு உச்சத்தில் இருந்தபோதும் ஆப்பிள் போனுக்குள் இருந்த முக்கியமான சில்லைச் செய்து கொடுத்தது சாம்சங்தான். வியாபாரம் வேறு, சண்டை வேறு போலும்! இரண்டுக்கும் ஆன செலவு போன் வாங்கியவன் தலையில்.

இது நேற்று முளைத்த நோயல்ல. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்துக்கு 1769ல் பேடண்ட் பெற்றார். நிலக்கரிச் செலவைப் பெரிதும் குறைத்த அரிய கண்டுபிடிப்பு அது. உழைத்தவருக்குக் கூலி கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1775ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அந்த உரிமையை 1800 வரை நீட்டிக் கொடுத்ததே, அதுதான் கேள்வி. வாட்டும் கூட்டாளி போல்டனும் கார்ன்வால் சுரங்கங்களில், மிச்சமான நிலக்கரி விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கறந்தார்கள். ஹார்ன்புளோயர் என்ற எஞ்சினியர் இரண்டு சிலிண்டர் வைத்து ஒரே நீராவியை இருமுறை வேலை வாங்கினார். வாட்டின் பேடண்ட் குறுக்கே நின்றது! அவர் சகோதரர் மீதான வழக்கில் 1799ல் தீர்ப்பும் வாட் பக்கமே. அழுத்தம் மிகுந்த நீராவியை ஆபத்து என்று வாட் ஒதுக்கினார். ஆனால் அவருடைய பேடண்ட் அந்த வழியையும் வளைத்துப் போட்டிருந்தது. வைக்கோற்போர் நாயின் கதைதான். பேடண்ட் காலாவதியாகி நாலே வருஷத்தில், 1804ல், டிரெவிதிக்கின் எஞ்சின் தண்டவாளத்தில் வண்டி இழுத்தது.

"தடை வந்தால் வேறு வழி தேடுவார்கள், அதுவும் புதுமைதானே" என்பார்கள். வாட்டே தேடினார். சாதாரண கிராங்கை வைத்துச் சக்கரம் சுழற்றும் முறைக்கு 1780ல் பிக்கார்டு பேடண்ட் வாங்கிவிட்டதால், பற்சக்கரங்களைக் கோத்துச் சுற்றுவழி ஒன்று செய்தார். 1794ல் பிக்கார்டின் உரிமை முடிந்ததும் அதே கம்பெனி கிராங்குக்கே திரும்பியது. வாசலை அடைத்ததால் கூரையைப் பிரித்து உள்ளே போனதற்குப் பெயர் புதுமையா?

கார்ன்வாலில் பிறகு நடந்ததை வக்கீல்கள் சொல்லமாட்டார்கள். 1811 முதல் எந்தச் சுரங்கத்து எஞ்சின் எவ்வளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்று மாதந்தோறும் அச்சிட்டு எல்லோருக்கும் தெரியப்படுத்தினார்கள். ஒருவன் செய்த திருத்தத்தை அடுத்தவன் பார்த்து இன்னும் திருத்தினான். கால் நூற்றாண்டுக்குள் அதே நிலக்கரிக்கு எஞ்சின்கள் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் நீர் இறைத்தன. எந்தக் கோர்ட்டு உத்தரவால் இது நடந்தது?