நாற்காலியில் ஓட்டிய கார் நிஜக் கார் ஆகுமா?

ஒரு வாலிபர். வயது 19. ஊர், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிப்.

அவருக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். ஆனால் பந்தயக் கார் ஓட்டப் பெரும் பணம் வேண்டும். அதற்கு எங்கே போவது? ஆகவே, வீட்டில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டினார். அதாவது, வீடியோ கேம் விளையாடினார்.

2011-ம் ஆண்டில் ஒரு போட்டி நடந்தது. அந்த விளையாட்டில் யார் வேகமாகக் கார் ஓட்டுகிறாரோ, அவருக்குப் பயிற்சி கொடுத்து, நிஜமான பந்தய வீரர் ஆக்குவார்கள்!

சுமார் 90 ஆயிரம் பேர் கலந்து கொண்டார்கள். கடைசியில் ஜெயித்தவர் அந்தக் கார்டிப் வாலிபர். பெயர், ஜான் மார்டன்பரோ.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பிரான்ஸ் நாட்டில் "லெ மான்" என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. 2013-ம் ஆண்டில் அந்தப் பந்தயத்தில் மார்டன்பரோ கார் ஓட்டினார். அவருடைய குழு, தன் பிரிவில் 3-வது இடத்தைப் பிடித்தது!

அவர் வீட்டில் விளையாடிய விளையாட்டின் பெயர், "கிரான் டூரிஸ்மோ".

இந்த விளையாட்டைப் பற்றி உலகம் முழுவதும் நீண்ட காலமாக ஒரு வாதம் நடக்கிறது.

"இது விளையாட்டே அல்ல, நிஜம்" என்கிறது ஒரு கட்சி.

"என்ன இருந்தாலும் பொம்மை பொம்மைதான்" என்கிறது எதிர்க்கட்சி.

எது சரி?

ஐந்து ஆண்டு உழைப்பு

"கிரான் டூரிஸ்மோ"வை உருவாக்கியவர், ஜப்பானைச் சேர்ந்த கசுனோரி யமவுச்சி. அவர் கார்ப் பைத்தியம். ஒரு சிறிய குழுவை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் உழைத்தார். 1997-ம் ஆண்டு டிசம்பர் மாதம் விளையாட்டு ஜப்பானில் வெளிவந்தது. சோனி கம்பெனியின் "பிளேஸ்டேஷன்" பெட்டியில் போட்டு விளையாட வேண்டும்.

அதற்கு முன்பும் கார் விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் பொத்தானை அமுக்கினால் கார் பறக்கும். வளைவு வந்தால் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

யமவுச்சியின் விளையாட்டு அப்படி அல்ல. பந்தயத்தில் சேர வேண்டுமானால், முதலில் லைசென்சு பரீட்சையில் தேற வேண்டும்! எந்த இடத்தில் பிரேக் போடுவது, எப்படி வளைவது என்று ஒவ்வொரு பாடமாகப் படிக்க வேண்டும். தவறினால் மீண்டும் பரீட்சை.

ஜனங்கள் சலித்துக் கொண்டார்களா? இல்லை. 1 கோடிக்கு மேல் விற்றது!

பாரம் எந்தப் பக்கம்?

இதில் உள்ள நிஜம் என்ன?

பஸ்சில் போகிறவர்களுக்குத் தெரியும். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால், எல்லோரும் முன்பக்கம் சாய்கிறார்கள். காரின் பாரமும் அப்படியே முன்பக்கம் சாய்கிறது. முன் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கின்றன. பின் சக்கரங்களின் பிடி தளருகிறது. அந்த நேரத்தில் சக்கரத்தை வெடுக்கென்று திருப்பினால், காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

பந்தய வீரர்களின் வித்தை எல்லாம் இந்தப் பாரத்தை அடக்கி ஆள்வதில்தான் இருக்கிறது. எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம், எவ்வளவு பிடி என்று "கிரான் டூரிஸ்மோ" ஒவ்வொரு நொடியும் கணக்குப் போடுகிறது. முன் சக்கரம் இழுக்கும் கார் ஒரு மாதிரி ஓடும். பின் சக்கரம் தள்ளும் கார் வேறு மாதிரி ஓடும்.

பாதைகளும் அப்படியே. ஜெர்மனியில் "நூர்பர்கிரிங்" என்ற பந்தயப் பாதை இருக்கிறது. அதன் வடக்குச் சுற்று மட்டும் 20 கிலோ மீட்டருக்கு மேல் நீளம். மலைக் காட்டுக்குள் ஏறி இறங்கும் பயங்கரமான பாதை. 2004-ல் வந்த 4-வது விளையாட்டில் அந்தப் பாதையையும் சேர்த்துவிட்டார்கள்.

"ஓட்டுங்கள், பார்ப்போம்!"

"பொம்மைக் கார் ஓட்டுகிறவன் நிஜக் கார் ஓட்ட முடியுமா?" என்று பலர் கேலி செய்தார்கள்.

சோனி கம்பெனியும் நிசான் கார்க் கம்பெனியும் சேர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தன. 2008-ல் "ஜி.டி. அகாடமி" என்ற போட்டியைத் தொடங்கின. முதல் போட்டியில் ஜெயித்தவர், ஸ்பெயின் நாட்டு மாணவர் லூக்காஸ் ஓர்டோனெஸ். 2011-ம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் அவருடைய குழு, தன் பிரிவில் 2-வது இடத்துக்கு வந்தது!

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பிரிட்டனில் "பிரிட்டிஷ் ஜி.டி." என்று ஒரு பந்தயத் தொடர் உண்டு. அதில் தொழில் வீரர் ஒருவரும், பொழுதுபோக்குக்காக ஓட்டுகிறவர் ஒருவரும் ஜோடி சேர்ந்து ஓட்டலாம். 2013-ல், ஜி.டி. அகாடமி வாலிபர்களைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம்? அனுபவக் கணக்கில் அவர்கள் புதியவர்கள். வேகத்திலோ தொழில் வீரர்களுக்குச் சமமானவர்கள். மற்றவர்கள் எப்படி ஈடு கொடுப்பார்கள்?

பொம்மை என்று கேலி செய்த உலகம், "இவர்கள் மிஞ்சுகிறார்கள்" என்று ஒதுங்கிக்கொண்டது!

ஆகவே, கைத்திறமையைப் பொறுத்த வரையில் வாதம் முடிந்துவிட்டது. விளையாட்டு கற்றுக் கொடுத்தது நிஜம்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. விளையாட்டில் ஜெயித்தவர்களை மறுநாளே பந்தயத்தில் இறக்கிவிடவில்லை. இங்கிலாந்தில் உள்ள சில்வர்ஸ்டோன் பந்தய மைதானத்தில் அவர்களுக்கு முகாம் நடந்தது. ஓடவிட்டார்கள், உடல் பலத்தைச் சோதித்தார்கள், நிஜக் கார்களில் ஏற்றிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் பயிற்சி. நாற்காலிக்கும் லெ மானுக்கும் நடுவில் இவ்வளவு இருந்தது.

சுவரில் மோதினால்?

இனி எதிர்க்கட்சியின் வாதம்.

முதல் விளையாட்டில் கார் சுவரில் மோதினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! ஒரு கீறல்கூட விழாது. பிரேக் போடுவதற்குப் பதில் சுவரில் உரசிக்கொண்டே வளைவைத் தாண்டிய கெட்டிக்காரர்களும் உண்டு.

2010-ல் வந்த 5-வது விளையாட்டில், கார் நசுங்குவதைக் காட்டினார்கள். அதிலும் குறை சொன்னார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் இருந்தன. ஆனால் உட்புறம் வரை நுணுக்கமாகச் செய்தவை சுமார் 200 மட்டுமே. மற்றவை பழைய விளையாட்டுகளில் இருந்து எடுத்தவை. "என்ஜின் சத்தம், வீடு சுத்தம் செய்யும் மிஷின் மாதிரி இருக்கிறது" என்று ரசிகர்களே கேலி செய்தார்கள்.

2017-ல் வந்த விளையாட்டில் ஒரு நல்ல திருத்தம் வந்தது. ஓட்டுகிறவரின் வேகத்துக்குத் தனி மதிப்பு. நடத்தைக்குத் தனி மதிப்பு. அடுத்தவர் காரில் இடித்தால் நடத்தை மதிப்பு குறையும். இது வரவேற்க வேண்டிய மாறுதல்.

விலையில் மட்டும் நிஜமா?

2022-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் 7-வது விளையாட்டு வந்தது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள்.

இரண்டே வாரத்தில் நிலைமை மாறியது. விளையாட்டின் பெரும் பகுதிக்கு இண்டர்நெட் வேண்டும். கம்பெனி செய்த ஒரு திருத்தத்தில் கோளாறு ஏற்பட்டது. ஒரு நாளுக்கு மேல் விளையாட்டு முடங்கியது. திரும்பி வந்தபோது, சில பந்தயங்களில் ஜெயித்தால் கிடைக்கும் விளையாட்டுப் பணத்தையும் குறைத்திருந்தார்கள். கார்களின் விலையோ மலை போல் நின்றது. நிஜப் பணம் கொடுத்து விளையாட்டுப் பணம் வாங்கும் வழியும் திறந்திருந்தது.

ஜனங்கள் கொதித்தார்கள். விமர்சகர்கள் நூற்றுக்கு 87 மார்க்கு கொடுத்த விளையாட்டுக்கு, விளையாடுகிறவர்கள் பத்துக்கு இரண்டுகூடக் கொடுக்கவில்லை!

யமவுச்சி விளக்கம் சொன்னார். "கார்களின் மதிப்பும் அருமையும் தெரிய வேண்டும், விலை நிஜ உலகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும்" என்பது அவருடைய வாதத்தின் சாரம். யாரும் சமாதானம் ஆகவில்லை. பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஆளுக்கு 10 லட்சம் விளையாட்டுப் பணம் கொடுத்தது. பரிசுத் தொகையையும் உயர்த்தியது.

காரின் விலையில் நிஜம் வேண்டும் என்கிறார்கள். சரி. கார் ஓட்டும்போது செய்யும் தவறுக்கு என்ன விலை?

அந்த விலையை நிஜ உலகம் ஒரு நாள் காட்டியது.

பறந்த கார்

2015-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி. அதே நூர்பர்கிரிங் பாதை. அதே மார்டன்பரோ.

அந்தப் பாதையில் "புளுக்பிளாட்ஸ்" என்று ஓர் இடம் உண்டு. ஜெர்மன் மொழியில் அதற்கு விமான நிலையம் என்று பொருள். அங்கே மேடு ஏறும் வேகத்தில், கார்கள் தரையை விட்டு எழும்பும்.

மார்டன்பரோ ஓட்டிய நிசான் கார் அந்த இடத்தில் முன்பக்கம் தூக்கி, காற்றில் பறந்தது. வேலியைத் தாண்டி, பந்தயம் பார்க்க நின்றவர்கள் மீது விழுந்தது. பார்க்க வந்த ஒருவர் உயிர் இழந்தார். வேறு சிலர் காயம் அடைந்தார்கள். மார்டன்பரோ உயிர் பிழைத்தார்.

பிறகு அந்தப் பாதையில் வேகக் கட்டுப்பாடு வந்தது. புளுக்பிளாட்ஸ் மேட்டைச் சமன் செய்தார்கள். பாதுகாப்பு வேலிகளைப் பலப்படுத்தினார்கள்.

விளையாட்டிலும் புளுக்பிளாட்ஸ் இருக்கிறது. கார் அங்கே நிலை தவறினால், விளையாடுகிறவர் ஒரு பொத்தானை அமுக்குகிறார். பந்தயம் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பம் ஆகிறது. நிஜப் பாதையில் அந்தப் பொத்தான் இல்லை.

படம் செய்த மாற்றம்

மார்டன்பரோவின் கதை 2023-ல் ஆங்கிலப் படமாக வந்தது. படத்தின் பெயரும் "கிரான் டூரிஸ்மோ"தான். "உண்மைக் கதை" என்று விளம்பரம் செய்தார்கள்.

விபத்தையும் படத்தில் காட்டினார்கள். அது சரி. ஓர் உயிர் போன செய்தியை மறைக்கக் கூடாது என்றுதான் மார்டன்பரோவும் நினைத்தார்.

ஆனால் படத்தில் விபத்து முதலில் நடக்கிறது. கதாநாயகன் மனம் உடைகிறான். பிறகு தேறி எழுந்து, லெ மானில் பரிசு பெறுகிறான். ரசிகர்கள் கை தட்டுகிறார்கள்.

நிஜத்தில் லெ மான் பரிசு 2013-ல். மரணம் 2015-ல்.

ஆண்டை ஏன் மாற்றினார்கள்? கதை விறுவிறுப்பாக இருக்கும் என்பதற்காக! பந்தயம் பார்க்க வந்து உயிர் விட்ட ஒருவரின் சாவு, கதாநாயகனின் வெற்றிக்கு ஏணிப்படி ஆகிவிட்டது. இது நியாயம் அல்ல. விளையாட்டில் காரின் ஒவ்வொரு திருகாணியும் நிஜம் போல் இருக்க வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். ஒரு மனிதரின் மரணத்துக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டாமா?

முடிவு என்ன?

இரண்டு கட்சி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

விளையாட்டு கண்ணுக்கும் கைக்கும் நல்ல பள்ளிக்கூடம். அதைச் சந்தேகப்பட இனி இடம் இல்லை. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் பந்தய உலகத்துக்குள் நுழைய, அது ஒரு கதவைத் திறந்தது. 2016-ம் ஆண்டோடு ஜி.டி. அகாடமி நின்று போனது வருத்தத்துக்கு உரியது.

ஆனால் பயத்தை அது கற்றுத் தராது. பொறுப்பையும் கற்றுத் தராது. திரையின் ஓரத்தில் நிற்கும் கூட்டம் வெறும் சித்திரம். சாலை ஓரத்தில் நிற்கிறவர் யாரோ ஒரு தாயின் மகன். யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன்.

விளையாட்டை விற்கிறவர்கள் "நிஜம், நிஜம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். எது நிஜம், எது நிஜம் அல்ல என்பதையும் அவர்கள் அதே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை கார் விளையாட்டு விளையாடினால், "உருப்படாதவன்" என்று திட்ட வேண்டியது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் நன்றாக ஓட்டினால் பாராட்டுங்கள். பிறகு, மார்டன்பரோவின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். லெ மான் பரிசோடு நிறுத்திவிடாதீர்கள். புளுக்பிளாட்ஸ் மேட்டையும் சொல்லுங்கள்.

அதையும் கேட்ட பிள்ளைதான், நாளைக்கு நிஜக் காரின் சாவியை வாங்கத் தகுதி உள்ள பிள்ளை.