இலவச இடம் போதுமா?

பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஓர் இணையத்தளம் தொடங்கினால், அதன் கதைகளும் படங்களும் ஏதேனும் ஒரு சேவையகத்தில் இருந்தாக வேண்டும். அந்த இடத்துக்குப் பலரும் இலவசச் சேவையையே நாடுகின்றனர். பழகிப் பார்ப்பதற்கு அது போதும். ஆனால், ஆண்டுக்கணக்கில் சேரும் மாணவர் படைப்புகளை அங்கு மட்டுமே வைப்பது சரியன்று என்பேன். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் தந்தது. பின்னர் அதை வாங்கிய யாஹூ நிறுவனம், ஜப்பான் நீங்கலாக, 2009இல் அதை மூடியது. தன்னார்வலர்கள் நகலெடுத்துக் காப்பாற்றியவை போக, எத்தனையோ பக்கங்கள் மறைந்தன.

அதற்காகத் தனிச் சேவையகத்தை வாடகைக்கு எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வாடகையும் அதிகம், பராமரிப்பும் நம் தலையில்தான் விழும். நாளுக்குச் சில நூறு பேர் படிக்கும் தளத்திற்குப் பகிர்வுச் சேவையே ஏற்றது. அதில் பல தளங்கள் ஒரே சேவையகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மற்றொரு தளத்தில் கூட்டம் பெருகினால் நம் தளம் சற்று மெதுவாகலாம். கழகத் தளத்திற்கு அது பெரிய குறையன்று.

பணம் கட்டுமுன், முதலாண்டுச் சலுகை முடிந்தபின் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். தளத்தின் முகவரி கழகத்தின் பெயரில் பதிவாகுமா என்பதையும் கேளுங்கள். அப்படிப் பதிவானால், நாளை வேறு சேவைக்கு மாறினாலும் வாசகர்கள் அதே முகவரியில் நம்மைக் காணலாம்.