பத்துமலைக்கு வரும் விருந்தாளிகள்

கோலாலம்பூருக்கு வடக்கே, கோம்பாக் வட்டாரத்தில், சுண்ணாம்புப் பாறைக் குன்றின் குகையில் எழுந்தருளியிருக்கும் முருகப் பெருமானின் சந்நிதியில், அரைக்கால் சட்டையும் கழுத்தில் தொங்கும் காமிராவுமாய் வந்து நிற்கும் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகளைப் பற்றி நம்மவர்களுக்குள்ள ஆட்சேபம் இன்று நேற்று முளைத்ததன்று. பக்தியில்லாத கூட்டத்துக்குக் கோயிலில் என்ன வேலை என்று தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார். அந்தக் கேள்வியிலுள்ள மனவேதனையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், குறை விருந்தாளியிடம் இருப்பதைக் காட்டிலும் வீட்டுக்காரர்களாகிய நம்மிடமே அதிகம் இருக்கிறது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முதலில் ஒரு சரித்திர உண்மையை நினைவுகூர வேண்டும். தெமுவான் பூர்வகுடிகள் ஒதுங்கியிருந்த இடமாகவும், வௌவால் எச்சத்தைத் தோட்ட உரத்துக்காகச் சீனக் குடியேறிகள் அள்ளிச் சென்ற இடமாகவும் இருந்த இக்குகைகளை, அமெரிக்க இயற்கை ஆராய்ச்சியாளர் வில்லியம் ஹார்னடே 1878-இல் வந்து பார்த்து எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் பரவலாக அறிந்தனர். குகை வாயில் வேலின் வடிவாய்த் தோன்றக் கண்டு, கோலாலம்பூர்ப் பிரமுகர் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருக வழிபாட்டை ஸ்தாபித்தது அதற்கும் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்துத்தான். தைப்பூச விழா 1892 முதல் நடந்துவருகிறது. முருகன் கோயில் கொள்வதற்கு முன்பே சுற்றுப்பயணி வந்துவிட்டான் என்றால், அவனை நேற்று நுழைந்தவன் என்று ஏசுவதில் நியாயம் ஏது?

இன்று அவன் காண்பது என்ன? இரயிலை விட்டு இறங்கியதும், 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட, 140 அடி உயரமுள்ள பொன்வண்ண முருகன் சிலை அவன் கண்ணை நிறைக்கிறது. முழங்கால் தெரிய வந்த பெண்ணாயின் அடிவாரத்திலேயே ஒரு துணியை வாடகைக்கு வாங்கி இடுப்பில் சுற்றிக்கொள்கிறாள். கையில் பை கண்டால் பாய்ந்து பறிக்கும் குரங்குகளுக்குத் தப்பி, 272 படிகளை மூச்சிரைக்க ஏறி, ஏறத்தாழ நூறு மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறை விதானத்தின் கீழே அவன் வந்து சேரும்போது, சொட்டும் நீரும், மேலே பாறை திறந்த இடத்தில் சாய்ந்து விழும் வெயிலும், அப்பால் வானம் பார்த்த உட்குகையில் வள்ளி தெய்வானை சந்நிதியும் அவனை ஒரு கணம் பேச்சற்றவனாக்குகின்றன. அந்தக் கணத்தில் அவன் அருகே நின்று, இவர் யார், இந்த வேல் எதற்கு, பால்குடம் சுமந்து இத்தனை பேர் ஏன் ஏறுகிறார்கள் என்று நாலு வார்த்தை சொல்ல ஒருவர் இருக்கிறாரா? இல்லை. ஆகவே அவன் காமிராவை எடுக்கிறான். வேறு என்ன செய்வான்!

இதே குன்றில், படிக்கட்டின் இடைவழியில் பிரியும் இருட்டுக் குகை 2019-இல் மூடப்படும் வரையில், வழிகாட்டிகள் கைவிளக்குடன் உடன் சென்று, அரிய பொறிக்கதவுச் சிலந்தியைப் பற்றியும் வௌவால்களைப் பற்றியும் பொறுமையாக விளக்கிவந்தார்கள். ஒரு சிலந்தியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு இறங்கிய மனிதன், தம்புசாமிப் பிள்ளையின் பெயரையோ கந்தன் கதையையோ கேள்விப்படாமலே ஊர் திரும்பினான் என்பது நமக்குப் பெருமை தருவதாயில்லை.

நாம் செய்தது வேறு. 2018-இல் படிக்கட்டு முழுவதற்கும் பல வர்ணங்களைப் பூசினோம். பாதுகாக்கப்பட்ட பாரம்பரிய ஸ்தலத்தில் அனுமதியின்றிச் செய்த காரியம் என்று தேசிய மரபுடைமை இலாகா ஆட்சேபித்தது. கோயில் கோபுரங்களில் வர்ணம் நமக்குப் புதிதன்று என்ற சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்ளத் தயார். எனினும், வர்ணத்தால் வந்த கூட்டம் வர்ணத்தைப் பார்க்க வந்த கூட்டம்; படியில் நின்று படம் பிடித்துக்கொண்டு, சந்நிதியை எட்டாமலே திரும்புகிறவர்கள் அதில் உண்டு. ஆளை அழைத்த விதத்துக்கு ஏற்பத்தான் ஆள் வருவான். மேற்குகைக்கு மின்படிக்கட்டு அமைக்கும் யோசனையையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்: முதியவர்க்கும் கால் வழங்காதவர்க்கும் தரிசனம் கிட்டுமாயின், பாறைக்குச் சேதமின்றி அது வரட்டும், கூட்டத்தை வேகமாய் ஏற்றி இறக்குவதற்கென்றால் வேண்டாம்.

நன்றாகச் செய்த ஒன்றையும் சொல்லவேண்டும். மேலே திருப்பணி நடந்த காலத்தில், மணலும் செங்கல்லும் இட்ட வாளிகளை அடிவாரத்தில் வைத்து, ஏறுகிறவர்களை ஆளுக்கொன்று சுமந்து செல்லும்படி வேண்டிக்கொண்டார்கள். எந்த நாட்டாரோ, எந்த மதத்தாரோ, வேர்க்க விறுவிறுக்க அவற்றைத் தூக்கிச் சென்று மேலே இறக்கி வைத்தார்கள். சுற்றிப் பார்க்க வந்தவன் அறியாமலே ஒரு கைங்கர்யம் செய்துவிட்டுப் போனான். அவனிடம் கேட்டால் செய்வான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதார் செல்லலாகாது என்று பலகை வைக்கும்படி, பழனி முருகன் கோயில் சம்பந்தமான வழக்கில் 2024 ஜனவரியில் மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டதைக் காட்டி, பத்துமலையிலும் அவ்வாறே செய்தால் என்ன என்று நம்மிடையே சிலர் கேட்கலாம். ஆகம விதிப்படி எழுந்த ஒரு பெருங்கோயிலின் சம்பிரதாயத்தை, குடியேறிய மக்கள் இயற்கைக் குகையில் வேல் நாட்டி வளர்த்த கோயிலுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. பல இனத்தவர் ஒன்றாய் வாழும் இந்நாட்டில், மேற்குகைக்கு எவரும் ஏறிச் செல்லலாம் என்றிருப்பது, நாம் பிற மதத்தாருக்குக் காட்டும் மரியாதை மட்டுமன்று. அவர்கள் நம்மைத் தெரிந்துகொள்ள நாம் அளிக்கும் சந்தர்ப்பமும் ஆகும்.

எனவே வாயிலை அடைக்க வேண்டாம். வருகிறவனுக்கு வழி சொல்லுங்கள். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் கோயில் வரலாறும் நடக்க வேண்டிய முறையும் எழுதிய பலகைகள் படியின் தொடக்கத்திலேயே, கண்ணில் படும் அளவுக்கு நிற்கட்டும். தமிழ் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, சம்பளமும் கொடுத்து, மேற்குகையில் நிறுத்துங்கள். பூஜை நடக்கும் வேளையில் சந்நிதி முன் படம் எடுப்பதும், தைப்பூசத்தன்று அலகு குத்தி வருகிறவரின் முகத்துக்கு எதிரே காமிராவை நீட்டுவதும் கூடாதென்று விதி செய்து, அதை வெள்ளைக்காரருக்கு மட்டுமின்றி, கைப்பேசியும் கையுமாய் நிற்கும் நம் சொந்த மக்களுக்கும் ஒரே கண்டிப்புடன் அமல் நடத்துங்கள். நாம் கண்ட வரையில் காவடிக்காரரின் வழியை மறிப்பதில் நம்மவர் எந்த அந்நியருக்கும் இளைத்தவரல்லர். இவை எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே தேவஸ்தானம் இவற்றைச் செய்து முடிக்க வேண்டும்.