ஆலை பூசிய வண்ணம் வேதமா?

மாதிரிக் கார் கிட்டில் ஆலையிலேயே வண்ணம் பூசி வரும் உறுப்புகளைத் தொடலாகாது, தொட்டால் ‘ஒரிஜினல்’ கெட்டுவிடும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இது இரவல் நியாயம். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் தயாரித்த டிங்கி உலோகப் பொம்மைகளுக்கு அது பொருந்தும். மறுவண்ணம் பூசினால் அவற்றின் சேகரிப்பு மதிப்பு சரியும். கிட் என்பதோ வாங்கியவர் கையால் முடிவுபெற வேண்டிய பண்டம். புதிதாக வருவோரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு எந்தக் கலையை வளர்க்கப் போகிறோம்?

அந்தப் பூச்சுதான் அப்படியென்ன உயர்ந்தது? உண்மைக் காரின் பூச்சுக் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 1/24 அளவில் அது 0.004 ஆகவேண்டும். மாதிரியின்மேல் 0.05 மில்லிமீட்டர் படிந்தாலே, முழுக் காரில் 1.2 மில்லிமீட்டர் சாந்து அப்பியதற்குச் சமம்! கதவின் விளிம்புக் கோடுகள் தூர்ந்துபோகின்றன. உலோகத் துகள் கலந்த வண்ணமென்றால் துகள்கள் கூழாங்கற்களாய்த் தெரிகின்றன.

ஆயினும், பழைய பூச்சின்மேலேயே புதியதை ஏற்றுவோரையும் நாம் ஒப்புவதற்கில்லை. கனம் இரட்டிப்பாகும், எனாமல்மேல் லேக்கர் விழுந்தாலோ பூச்சு சுருங்கி வெடிக்கும். உரித்துவிட்டுப் பூசுவதே முறை. குரோம் பம்பரை வீட்டு பிளீச்சில் ஊறவைத்தால் அலுமினியப் படலம் கரைந்துவிடும். வண்ணத்துக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் (இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள்). எல்லாப் பூச்சும் அதற்கு மசியாது. வெளித்தெரியாத மூலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். பிரேக் எண்ணெயைப் பரிந்துரைப்போரும் உண்டு. பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யக்கூடிய, தோலுக்கும் ஆகாத அந்த வைத்தியத்தில் நமக்கு உடன்பாடில்லை.

நுண்ணிதாக அச்சிட்டு வரும் சின்னங்களை மட்டும் அப்படியே விட்டுவைக்கலாம். அந்த நேர்த்தி தூரிகைக்கு எளிதில் வாய்ப்பதில்லை.