கல்லூரியிற் பணம் கட்டுமுன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் ஆண்டுதோறும் மே மாதத்தில் வெளியாகின்றன. அதனையடுத்த சில வாரங்களில் நெசவாளர் இல்லங்களிலும் குடியானவர் இல்லங்களிலும் நடைபெறும் ஆலோசனை, அக்குடும்பத்தின் அடுத்த பத்தாண்டு வரவு செலவையே நிர்ணயித்து விடுகிறது. நிலம் வாங்குவோர் வில்லங்கம் பார்க்கின்றனர். மாடு பிடிப்போர் பல் பார்க்கின்றனர். நூல் வாங்குவோர் நம்பரும் எடையும் சரிபார்க்கின்றனர். ஆனால் கல்லூரியைப் பொறுத்தவரை வண்ணத் துண்டறிக்கையையும் வாயில் வளைவையும் கண்ட மாத்திரத்திலேயே பணம் கட்டி விடுகிறவர்கள் பலர்.

நமது ஊத்துக்கோட்டை வட்டாரத்தின் நிலைமை இதற்கு நல்ல உதாரணம். சென்னை ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது. கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் இயங்குகின்றன. அத்தொழிற்சாலைகளை நாள்தோறும் காணும் பெற்றோர், “நம் பிள்ளை இன்ஜினியராக உள்ளே நுழைய வேண்டும்” என்று விரும்புவது இயற்கையே. விருப்பத்தில் தவறில்லை. அதை நிறைவேற்ற மேற்கொள்ளும் வழியைப் பற்றியே நாம் சில சொல்ல விழைகிறோம்.

கடன் மனு ஒன்று வந்தால் கூட்டுறவுச் சங்கம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எதற்காக? வாங்கும் பொருள் அந்த விலை பெறுமா? கடன் எவ்வாறு திரும்பும்? கல்லூரிப் படிப்பும் பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு ஒரு கடனே. அதை இறுதியிற் செலுத்த வேண்டியவர் படிக்கும் பிள்ளையே. ஆகவே இம்மூன்று கேள்விகளையும் இங்கும் கேட்பது நமது கடமை.

முதலாவது, எதற்காக? கணக்கில் நாட்டமில்லாத பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்புவது, கரிசலில் விளைவதைக் களரில் விதைப்பது போன்றது. வேறு வழிகள் நம் அருகிலேயே உள்ளன. பொன்னேரியில் 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி இருக்கிறது; அரசுக் கல்லூரியாதலின் கட்டணம் சொற்பம். அதே ஊரில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும் உள்ளது. வேளாண்மையில் ஆர்வமுள்ளோர்க்குக் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேளாண்மைப் பல்கலைக்கழகம் உண்டு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 1960 முதல் இயங்கி வரும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் மூன்றாண்டு டிப்ளமோ அளிக்கிறது. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பொறியியற் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பதையும் பலர் அறியார். சங்கப் பணியை நாடும் பட்டதாரிகளுக்குச் சென்னை நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையம் பயிற்சி தருகிறது.

இரண்டாவது, வாங்கும் பொருள் விலை பெறுமா? கட்டிடத்தைக் கண்டு கல்லூரியை மதிப்பது, அட்டையைக் கண்டு சங்கத்தின் பேரேட்டை மதிப்பதற்குச் சமம். பொறியியற் கல்லூரியாயின் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் அவ்வாண்டிற்கு உண்டா என்று பார்க்க வேண்டும். தேசியத் தரச்சான்று வாரியம் கல்லூரி முழுமைக்குமன்றித் தனித்தனிப் படிப்புகளுக்கே சான்று வழங்குகிறது, ஆகவே “எங்கள் கல்லூரிக்குச் சான்று உண்டு” என்பாரிடம், “எம் பிள்ளை சேரும் படிப்பிற்கு உண்டா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன்னுடன் இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. நூறு பேர் எழுதி எத்தனை பேர் தேறினர் என்பதை அதிற் காணலாம். வேலை நாளொன்றில் முன்னறிவிப்பின்றிச் சென்று, இரண்டாம் ஆண்டு மாணவர் நால்வரிடம் ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்களா, ஆய்வுக்கூடத்தில் தாங்களே கருவிகளைத் தொட்டுப் பழகுகிறார்களா, கட்டணத்துக்கு மேல் வேறென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தால் உண்மை விளங்கிவிடும்.

மூன்றாவது, பணம். இங்கேதான் தரகர்கள் புகுகின்றனர். “கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் இடம் போய்விடும், இன்றே முன்பணம் கட்டுங்கள்” என்பது அவர்களது வாய்ப்பாடு. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை கேட்பது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட செயல். அதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கு 2010 முதல் அரசு அளித்து வரும் கல்விக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே சேர்ந்தவர்க்குத்தான் உரியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 2021 முதல் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதன்படி சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதுவும் கலந்தாய்வில் மட்டுமே கிடைக்கும். தரகரை நம்பியவர் அவருக்கும் பணம் கொடுத்து, அரசு கொடுப்பதையும் இழக்கிறார்.

அப்பணமும் பெரும்பாலும் தனியாரிடம் வாங்கும் கடனே. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் 3 இலட்சம் வாங்கினால் மாத வட்டி 6,000, ஆண்டுக்கு 72,000, நான்காண்டில் 2,88,000. பிள்ளை பட்டம் பெறும் நாளில் வட்டியே ஏறத்தாழ முதலை எட்டிவிடுகிறது. முதல் அப்படியே நிற்கிறது. வங்கிக் கல்விக் கடன் இதனினும் எத்தனையோ மேல். பொதுவாக 4 இலட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. ஆனால் தவணை இல்லையே ஒழிய வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை அறிந்தே கையொப்பமிட வேண்டும்.

மகனுக்குக் கடன்பட்டேனும் தொலைவிலுள்ள கல்லூரி, மகளுக்கு மதிப்பெண் மிகுந்திருந்தும் அருகில் கிடைத்த ஏதோ ஒன்று என்னும் வழக்கத்தை நாம் கண்டிக்கிறோம். மதிப்பெண்ணே அளவுகோலாக இருக்கட்டும். அரசுப் பள்ளியிற் பயின்ற பெண்கள் உயர்கல்வி கற்க மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றதையும் பெற்றோர் நினைவிற்கொள்க.

கடனைப் பட்டுவாடா செய்ததோடு சங்கத்தின் வேலை முடிவதில்லை. அது சொன்ன காரியத்திற்குச் செலவாகிறதா என்றும் பார்க்க வேண்டும். கல்லூரியில் அந்தப் பார்வை முதலாண்டிலேயே வேண்டும். தமிழில் பயின்ற மாணவர் திடீரென ஆங்கிலத்தில் பாடம் கேட்கும்போது திகைப்பது இயல்பு. அது அறிவுக் குறைவன்று. முன் வரிசையில் அமர்வதும், புரியாததை அன்றே ஆசிரியரிடம் கேட்பதும், நாள்தோறும் அரைமணி ஆங்கிலப் பத்திரிகை படிப்பதும் அத்திகைப்பைச் சில மாதங்களிற் போக்கிவிடும். முதற் பருவத்தில் விழும் அரியர் அடுத்தடுத்த பருவங்களிலும் சுமையாகத் தொடரும். அன்றாடச் செலவை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருதல் நலம். மூத்த மாணவர் துன்புறுத்தினால் மௌனம் கூடாது. ராகிங் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முன் தறியில் ஆர்டர் குவியும். சம்பா நடவுக்கும் ஆள் வேண்டியிருக்கும். “நான்கு நாள் வந்து போ” என்று பிள்ளையை அழைக்கத் தோன்றும். அதையடுத்தே நவம்பர், டிசம்பர் மாதங்களில் பருவத் தேர்வு வருகிறது. வருகை நாட்கள் குறைந்தால் தேர்வெழுதவே அனுமதியில்லை. நான்கு நாட் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பருவத்தையே இழக்க நேரிடலாம்.

சங்கங்கள் இதில் வாளாவிருத்தல் தகாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதற் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்குக் கடைசி நேரத்தில் அலையாதபடி, ஏப்ரல் மாதத்திலேயே அங்கத்தினர்களுக்கு நினைவூட்டலாம். விண்ணப்பங்களை இணையத்திற் பதிவு செய்யச் சங்க அலுவலகத்தில் மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். சங்கத்தின் உதவியால் முன்பு படித்து முன்னேறிய பிள்ளைகளை அன்று அழைத்து வழிகாட்டச் செய்யலாம். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. செயலாளருக்குச் சிறிது மனம் வேண்டும். ஒரு குடும்பத்தையேனும் தரகரின் வாயிலிலிருந்து கலந்தாய்வு மண்டபத்துக்குத் திருப்பிவிட்டால், அவ்வாண்டு அச்சங்கம் ஈட்டிய இலாபங்களுள் அதுவே தலையாயது.